மூக்கைத் தொட்டால் மெல்லினம்

என் காது போன விஷயம் எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் மூன்று விசில் வாங்கிவிட்டேன்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் நான். பி.டி. வாத்தியார் என்றால்தான் ஊருக்குப் புரியும். சனி, ஞாயிறுகளில் மதுரையைச் சுற்றி எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் அம்பயராகப் போய் நிற்பேன். ஆக, வாரத்தில் ஏழு நாளும் வாயில் விசில். ஒரு நாள் விசிலில் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. உள்ளே உருளும் குண்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்து வேறு வாங்கினேன். அதுவும் ஒரு மாதத்தில் தேய்ந்தது. மூன்றாவதும் அப்படியே ஆனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு மூக்கு மேல் கோபம் என்று என் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். பொய்யில்லை.

விசில் வாங்கியது டவுனுக்குள் என் நண்பனின் விளையாட்டுச் சாமான் கடையில். கல்லூரியில் இரண்டு பேரும் ஒரே கபடி அணி. அவன் பாடிப் போவான், நான் பிடிப்பேன். பழைய மதுரையில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பம் அவனுடையது. தெருவே அவனை பாய் என்று கூப்பிடும். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. கடைக்குள் போனதும் மூன்று விசிலையும் மேசைமேல் போட்டேன்.

“என்ன மாப்ள, ஓட்ட விசிலா வித்துக்கிட்டிருக்க? ஊதுனா வெறும் காத்துதான் வருது.”

அவன் ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்து, வாயில் வைத்து ஊதினான். அவன் கன்னம் உப்பியது. தெருவில் போன ஆட்டோ ஒன்று பிரேக் போட்டு நின்றது. எதிர்க்கடைக்காரர் எழுந்து வெளியே வந்தார். மல்லிகை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு மட்டும் எங்கேயோ சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது.

அவன் விசிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

“மாப்ள, விசில் நல்லாத்தான்டா இருக்கு.”

மறுநாள் அவனே என்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். நானும் ரொம்ப நேரம் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனை நேரமும் அவர்கள் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். முப்பது வருஷம் காதுக்கு நாலு விரல் தூரத்தில் விசில் ஊதினால் வேறென்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார். போன செவி திரும்பாது, மெஷின் வைத்துக்கொண்டால் கொஞ்சம் உதவும் என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நண்பனைத் திட்டினேன். அவன்தானே விசில் விற்றவன்.

அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்கு ஒரே ஒரு கவலைதான். பொங்கலுக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது.

மேலூர்ப் பக்கம் என் சொந்த ஊர். பொங்கலுக்கு அங்கே பெரிய கபடிப் போட்டி நடக்கும். என் அம்மாவும் அப்பாவும் அந்த ஊர் வயல்களில் அடுத்தவருக்குக் கூலி வேலை செய்தவர்கள். மீசை முளைக்காத பிள்ளைகூட என் அப்பாவை வாடா, போடா என்றுதான் கூப்பிடும். அதே ஊர் மைதானத்தில் பதினெட்டு வருஷமாக நான் விசிலடித்தால் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் நின்றாக வேண்டும். அவுட் என்று நான் கை காட்டினால் வெளியே போய் உட்கார வேண்டும். அந்த விசிலை யாரும் எனக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. கபடி ஆடி, படித்து, வேலை வாங்கி, அம்பயர் பரீட்சை எழுதி நானே சம்பாதித்தது. வருகிற பொங்கலுக்கு நான் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கபடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதிராளி களத்துக்குள் போகிறவன் ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டு, அந்த மூச்சு தீர்வதற்குள் திரும்ப வேண்டும். இதைப் பாட்டு என்போம். நடுவில் மூச்சு வாங்கினால் பாட்டு விட்டுப்போச்சு, ஆள் அவுட். பாட்டு இருக்கிறதா, விட்டுவிட்டதா என்று கேட்டுச் சொல்ல வேண்டியவர் அம்பயர். கேட்டு. அந்த ஒரு சொல்லில்தான் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

மெஷின் வந்தது. முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சட்டை என்மேல் உரசுகிற சத்தம் கேட்டது. அரிசி களைகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு ஃபேன் இத்தனை நாளாக முனகிக்கொண்டிருந்திருக்கிறது. குஷியில் பஸ் பிடித்து ஆரப்பாளையம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குள் காலை வைத்தேனோ இல்லையோ, ஹாரன், இஞ்சின், கண்டக்டர்கள், லாட்டரிச் சீட்டு விற்கிற மாதிரி ஊர்ப் பெயரைக் கூவுகிறவர்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் இறங்கிவிட்டது. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். மெஷின் சத்தத்தைக் கூட்டும், வார்த்தையைப் பிரித்துக் கொடுக்காது. என் காதுக்கு ஒரு சொல்லின் உயிரெழுத்து வரும், மெய்யெழுத்து வராது. ‘ஆ - உ’ என்று வந்து நிற்பதை வைத்து அது காசா, பாட்டா, மாடா என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் உதட்டைப் பார்க்கப் பழகினேன். அதிலும் ஒரு இடைஞ்சல். மதுரைக்காரர்களின் மீசை. வாசலில் தோரணம் கட்டிய மாதிரி மேலுதட்டை மூடித் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. என் நண்பன் ஒருவன்தான் விதிவிலக்கு. தாடி நெஞ்சுவரை இருந்தாலும், மீசையை ஒட்ட வெட்டியிருப்பான். அவன் மார்க்கத்தில் அப்படி. அவன் பேசினால் அச்சடித்த மாதிரி தெரியும். ஒரு நாள் அதைச் சொன்னதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

“இம்புட்டு வருசமா நான் தொழுதது ஒன் காதுக்குத்தான் புண்ணியமாப் போச்சு போல.”

இந்த நாட்களில் எனக்கு ஆகாத ஒரு சொல் உண்டென்றால், அது ‘ஒண்ணுமில்ல’தான். நாலு பேர் பேசிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல சார்” என்பார்கள். ஒன்றுமில்லாததற்கா இவ்வளவு சிரிப்பு? வீட்டில் என் மனைவி போனில் கால் மணி நேரம் பேசுவாள். யார், என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்பாள். அந்த அப்புறம் வரவே வராது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்கிறார்கள். அந்தச் செவிடன் என்ன தப்பு செய்தான்? ஊதியவன்தான் கொஞ்சம் முன்னால் வந்து அவன் முகத்தைப் பார்த்து என்ன சேதி என்று சொல்லியிருக்கலாம்.

என் மனைவி ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். காலையில் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று தினமும் ஒரு கேள்வி கேட்பாள். குளிக்கும்வரை நான் மெஷின் மாட்டுவதில்லை. உதட்டைப் பார்த்தால் ‘பாத்திரம் போட்டாச்சா?’ என்று தெரியும். காது போனபிறகு வீட்டுக்கு ஒரு உதவியும் செய்யாமல் இருக்கிறோமே, அதைத்தான் குத்திக்காட்டுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. “ஆச்சு, ஆச்சு” என்று தலையாட்டிவிட்டு, அவள் போனதும் பாத்திரங்களையெல்லாம் தொட்டியில் போட்டேன். போட்டால் மட்டும் போதுமா என்று தோன்றவே, விளக்கியும் கவிழ்த்தேன். சாயங்காலம் அவள் வந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அன்று காப்பி நன்றாக இருந்தது. இப்படியே பதினைந்து நாள் போனது.

பதினாறாம் நாள் காலையில் அவள் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என் பிரஷர் மாத்திரை.

“ஏங்க, பதினஞ்சு நாளா மாத்திர போடலையா?”

“தெனம் போடுறேனே. போடுறது என்ன, வெளக்கியே வச்சிருக்கேன்.”

“மாத்திரைய வெளக்குனீகளா?”

“மாத்திரை யார் கேட்டா? நீ பாத்திரம் போட்டாச்சான்னுதானே கேட்ட.”

அவள் அட்டையைத் தூக்கிக் காட்டி ஒரு சொல் சொன்னாள். அடுப்படியில் கவிழ்த்திருந்த குண்டானைக் காட்டி ஒரு சொல் சொன்னாள். மறுபடி அட்டை, மறுபடி குண்டான். நானும் உற்று உற்றுப் பார்த்தேன். “ரெண்டுக்கும் ஒரே சொல்லைத்தானே சொல்லுற” என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. மாத்திர, பாத்திர. இரண்டுக்கும் உதடு ஒட்டித் திறக்கிறது. பாத்திரத்தின் வாலில் இருக்கிற ‘ம்’மை அடுத்து வருகிற ‘போட்டாச்சா’ விழுங்கிவிடுகிறது. என் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “ஒங்களுக்கு இம்புட்டு வயசுக்கப்புறம் பொண்டாட்டி மேல பாசம் வந்துருச்சுன்னுல நெனச்சேன்” என்றாள். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“மூக்கப் புடிங்க.”

“எதுக்கு?”

“புடிங்கங்கறேன்ல. இப்ப அம்மான்னு சொல்லுங்க.”

சொன்னேன். எனக்குக் காது கேட்காது. ஆனால் வாய்க்குள் என்னவோ முட்டிக்கொண்டு நின்றது தெரிந்தது.

“என்ன வந்துச்சு தெரியுமா? அப்பான்னு வந்துச்சு. ஒண்ணாப்புப் புள்ளைகளுக்கு ம சொல்லிக் குடுக்கறப்ப இப்படித்தான் காட்டுவேன். மூக்கு வழியா வந்தா ம. மூக்க அடைச்சா ப. ஒதடு ஒண்ணுதான்.”

என் விரலைப் பிடித்துத் தன் மூக்கின்மேல் வைத்துக்கொண்டு “மாத்திர” என்றாள். மூக்கு லேசாக அதிர்ந்தது. “பாத்திரம்” என்று ஆரம்பித்தாள். அதிரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம் என்று ஒப்பித்ததெல்லாம் பரீட்சைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ப-வுக்கு ஜோடி ம. த-வுக்கு ஜோடி ந. ட-வுக்கு ஜோடி ண. வாய்க்குள் இரண்டுக்கும் இடம் ஒன்றுதான், மூக்குதான் வேறு. இதை எழுதி வைத்தவர்கள் எனக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது.

“சொல்லும்போது மெல்லினம் வந்தா மூக்கத் தொடு” என்றேன். என் குரல் எவ்வளவு ஓங்கியிருந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

அவள் மோர் என்று மூக்கைத் தொட்டாள், போர் என்று கையைக் கீழே போட்டாள். மட்டை, பட்டை. பந்து, பத்து. எல்லாச் சொல்லுக்கும் வேண்டாம், சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் தொட்டால் போதும் என்று வைத்துக்கொண்டோம். நான் ஒன்றுவிடாமல் சரியாகச் சொல்லச் சொல்ல, அவள் வேகத்தைக் கூட்டினாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அன்று இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு லேட்.

அதே சூட்டில் இன்னொன்றையும் கேட்டுவிட்டேன். இனிமேல் என்னிடம் ஒண்ணுமில்ல என்று சொல்லக்கூடாது. யார் என்ன பேசினாலும் அப்படியே சொல்ல வேண்டும், என்னைத் திட்டினாலும்.

“சொல்றேன்” என்றாள். “நல்லதும் சொல்லுவேன், கெட்டதும் சொல்லுவேன். கேட்டுப்புட்டு எம்மேல எரிஞ்சு விழக்கூடாது.”

மூக்கைத் தொட்டாள். சந்தேகத்துக்கு இடமான சொல் எதுவும் இதில் இல்லையே என்று நான் முழிக்க, “அதில்ல, ஒங்க கோவத்தச் சொன்னேன்” என்றாள்.

தெருவில் இது கொஞ்ச நாள் வேடிக்கையானது. டீச்சருக்கு ஜலதோஷம் விடவே மாட்டேங்குதே என்று கஷாயம் கொண்டுவந்து கொடுத்தவர் உண்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று கேலி செய்தவரும் உண்டு. எங்களுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு பார்த்ததில்லை.

வீடு சரியாயிற்று. கபடி பாக்கி இருந்தது. ஒரு நாள் ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துக் கபடி கபடி என்று சொல்லிப் பார்த்தேன். பிளேடு வழுக்கித் தாடையில் வெட்டியது, நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கபடிக்கும் ஒருமுறை உதடு ஒட்டுகிறது. நடுவில் இருக்கிற ‘ப’ உதட்டை மூடாமல் வராது. உதடு ஒட்டி ஒட்டித் திறந்தால் பாட்டு இருக்கிறது. திறந்தபடி நின்றால் பாட்டு இல்லை. பழைய பெயரில் சடுகுடு என்றே விட்டிருந்தால் என் பாடு திண்டாட்டம். அதில் உதடு ஒட்டுகிற எழுத்து ஒன்றுகூட இல்லை.

நேராக நண்பனின் கடைக்கு ஓடினேன். அவன் கல்லாவை விட்டு எழுந்து, ஐம்பத்து நாலு வயதுத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு, கடைக்குள்ளேயே கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவே பாடிப் பாடி வந்தான். இரண்டு தடவை சரியாகச் சொன்னேன். மூன்றாவது தடவை பாட்டு இருக்கிறது என்றேன்.

“இல்ல மாப்ள. சத்தமே குடுக்கல. வெறும் வாயத்தான் அசைச்சேன்.”

என் முகம் தொங்கிவிட்டது. அவன் விடவில்லை. மறுநாளிலிருந்து விடியற்காலைத் தொழுகை முடித்துவிட்டு பைக்கில் பசுமலைக்கு வந்துவிடுவான். எங்கள் பள்ளி மைதானத்தில் தாடியில் வேர்வை சொட்டச் சொட்டப் பாடுவான். என்னை ஏமாற்ற என்னென்ன வழி உண்டோ எல்லாம் செய்வான். மூன்று வாரம் தோற்றேன். நாலாவது வாரம் பிடித்துவிட்டேன். கண் உதட்டில் மட்டும் இருந்தால் போதாது, தொண்டைக் குழியிலும் இருக்க வேண்டும். பாடுகிறவனின் குழி துடித்துக்கொண்டே இருக்கும். மூச்சு வாங்குகிறவனுக்கு அது சட்டென்று உள்ளே போய், தோள் ஒரு விரற்கடை ஏறும். வாயால் பொய் சொல்லலாம், தோளால் முடியாது. அதைச் சொன்னபோது அவன் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தான்.

“அல்ஹம்துலில்லா. இனி என்னைய விட்டுரு. முட்டி போச்சு.”

மார்கழியில் எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவர் அவனுக்குப் போன் செய்தார். வருஷாவருஷம் அங்கே ரெஃப்ரி அவன்தான். சாருக்குக் காது கேக்கலையாமே, இந்தத் தடவை அவரு ரெஸ்ட் எடுக்கட்டும் என்றாராம். இவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்று அவன் சொல்லவில்லை, அவனுக்கும் எங்கள் வீட்டுச் சட்டம் தெரியும். “அவன் வரலைன்னா நானும் வாரதா இல்லன்னு சொன்னேன். சரி, ஆனா ஒரு பெரச்சனைன்னாலும் எறக்கிருவோம்னாங்க” என்றான். எனக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. சந்தோஷம்தான் கூட.

பொங்கலுக்கு மறுநாள் காலையிலேயே ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. அறுவடை முடிந்த வயலைச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் குழாய் ஸ்பீக்கர், போதாததற்குக் கொட்டு. மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். என் மனைவி ஸ்கோர் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காலை ஆட்டத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். பாடி வந்தவனுக்கு மீசை, அதுவும் பெரிய மீசை. உதடு ஒட்டுவது தெரியாமல் பாட்டு விட்டான் என்று கை தூக்கிவிட்டேன். எதிர்ப் பக்க அம்பயர் பாட்டு இருந்தது என்றார். உடனே மாற்றிக்கொண்டேன். தலைவர் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக ஏதோ சொன்னார். அவர் மீசை மட்டும்தான் அசைந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“‘இன்னொருக்கா நடந்தா எறங்கிரணும்’னு சொல்றாரு.”

இறுதி ஆட்டம் மத்தியானம் மூன்றரைக்கு. எங்கள் ஊரும் பக்கத்து ஊரும். வெயில் தாழ்ந்து, கூட்டம் கோட்டுக்கு ஒரு அடி தூரம்வரை வந்துவிட்டது. நெஞ்சுக்கூட்டில் கொட்டுச் சத்தம் வந்து மோதுவது எனக்கே தெரிந்தது. இரண்டு நிமிஷம் இருக்கும்போது எங்கள் ஊர் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. எங்கள் ஊரின் நல்ல ஆட்டக்காரன் பாடிப் போனான். நான் கோட்டோரம் நண்டு நடை நடந்து அவன் கூடவே போனேன். உதடு ஒட்டியது, திறந்தது, ஒட்டியது. இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது காலைப் பிடித்தார்கள். மேலே ஒருவன் விழுந்தான், இன்னொருவன் விழுந்தான். அவன் முகம் என் பக்கம், கன்னம் மண்ணில். கையை நீட்டி நீட்டி நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு வந்தான். பாட்டோடு கோட்டைத் தொட்டால் அத்தனை பேரும் அவுட், எங்கள் ஊர் ஜெயித்த மாதிரிதான்.

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவன் உதடு திறந்தபடி நின்றது. தொண்டைக் குழி உள்ளே போனது. தோள் ஏறியது.

விசிலடித்தேன். அவன் விரல் கோட்டைத் தொட்டது அதற்கப்புறம்தான். பாட்டு இல்லை, அவுட் என்று கை காட்டினேன்.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரே சமயத்தில் ஒட்டித் திறந்தன. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ‘பாத்து, பாத்து’ என்று தெரிந்தது. குவியலுக்கு அடியில் ஆள் கிடக்கிறானே, அடிபட்டுவிடப் போகிறது என்று சொல்கிறார்களா? அல்லது ‘மாத்து, மாத்து’வா? அம்பயரை மாத்து. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. என் அப்பா குனிந்து நாற்று நட்ட ஊரில், நிமிர்ந்து நின்றபடி, என்னைப் போகச் சொல்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நின்றேன்.

மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது. ஒண்ணுமில்ல என்று கையை அசைத்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூடப் போதும், நான் பாத்து என்றே எடுத்துக்கொண்டிருப்பேன். அவள் கை மெதுவாக மேலே வந்தது. ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொட்டாள்.

மாத்து.

எனக்கு வலித்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் வலித்த அதே நிமிஷத்தில் நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனை பேர் எனக்கு எதிராகக் கத்தும்போது, அதை என்னிடம் மறைக்காத ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் அசையவில்லை.

நண்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். எதிர்ப் பக்க அம்பயரைக் கேட்டான். தனக்குப் பின்மண்டைதான் தெரிந்தது, இந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் கையை விரித்தார். நண்பன் என் முன்னால் வந்து நின்றான்.

“மாப்ள, எனக்கும் ஒண்ணும் கேக்கல. இம்புட்டுச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும். நீ பாத்தியா?” அவன் கை மூக்குப் பக்கம் போகவில்லை; பாத்தியா என்றுதான் கேட்கிறான்.

“பாத்தேன்டா. தோள் ஏறுச்சு.”

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்புவதற்குள், குவியலிலிருந்து எழுந்த எங்கள் ஊர் ஆட்டக்காரன் மண்ணைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தானாகவே வெளியே போய் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் அவனைப் பார்த்தது. தலைவர் இரண்டடி முன்னால் வந்தவர், அங்கேயே நின்று, பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடர்ந்தது. எங்கள் ஊருக்கு இன்னும் ஒரே ஒரு பாட்டுதான் மிச்சம். கடைசி ஆள் நடுக்கோட்டைத் தாண்டினான். கூட்டம் மறுபடி எழுந்தது. மறுபடி எல்லா வாயும் ஒட்டித் திறந்தன. அதே உதடு. பாத்துவா, மாத்துவா? நான் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எதிரே பார்த்தேன்.

என் மனைவி நாற்காலியின்மேல் ஏறி நின்று ஊரோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. மூக்குப் பக்கம் ஒன்றுகூட இல்லை.